மீண்டு வருவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எப்படி இயங்குகிறது?

காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொல்லும் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். அவர் ‘சைக்கோசிஸ்’ என்கிறார். உடனே பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “பழையபடி ஆயிடுவானா டாக்டர்?” இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் கணினிக் கணிப்பு மாதிரிகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். அவை இயங்கும் விதத்தை, ராத்திரி ஆட்டிவைத்த இட்லி மாவு காலையில் பொங்குமா என்று சொல்லும் கைப்பழக்கத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

எதையெல்லாம் பார்க்கிறது?

மாவை வழிக்கும்போதே பழகிய கைக்குத் தெரிந்துவிடும். உளுந்து புதுசா பழசா, எவ்வளவு நேரம் ஊறியது, ஆட்டும்போது பந்துபோல எழும்பியதா, இன்றைக்குக் குளிர் எப்படி? இதில் எந்த ஒன்றும் தனியாக முடிவு சொல்லாது. எல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.

மாதிரியும் சிகிச்சையின் தொடக்கத்திலேயே இப்படிப் பல விவரங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவே எத்தனை காலம் போனது, நோய்க்கு முன்பு நண்பர்களோடு எப்படிப் பழகினார், வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டிருந்தாரா, பேச்சும் ஆர்வமும் குறைந்து எவ்வளவு ஒதுங்கிவிட்டார் என்பவை அவற்றில் சில.

எப்படிக் கற்கிறது?

ஒருநாள் மாவைப் பார்த்து யாருக்கும் பக்குவம் வந்துவிடாது. பொங்கிய நாள், பொங்காத நாள் இரண்டையும் பலமுறை பார்த்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் ‘ஈடன்’ ஆய்வில், தொடக்கநிலை சைக்கோசிஸுக்குச் சிகிச்சை பெற்ற 1,027 பேரின் விவரங்கள் இருந்தன. ஓராண்டுக்குப் பின் யாருக்கு அறிகுறிகள் தணிந்தன, யார் படிப்புக்கோ வேலைக்கோ திரும்பினார்கள் என்பதும் தெரியும். தொடக்க விவரத்தையும் ஓராண்டு முடிவையும் கணினி ஒப்பிட்டு, எதற்கு எவ்வளவு எடை தரலாம் என்று கற்றுக்கொண்டது.

2019இல் வெளிவந்த அந்த மாதிரிகளின் திறன் மதிப்பெண் 0.70க்கும் 0.74க்கும் இடையில் இருந்தது. மீண்டவர் ஒருவரையும் மீளாதவர் ஒருவரையும் எடுத்துக்கொண்டால், மீண்டவருக்கே அதிக வாய்ப்பு என்று நூற்றில் எழுபது தடவைக்கு மேல் மாதிரி சரியாகச் சொல்லும் என்று பொருள். காசு சுண்டினால் ஐம்பது தடவை. ஆகவே இது பயனுள்ள ஊகம். ஜாதகம் அல்ல.

வேறு ஊரில் பலிக்குமா?

சென்னை வெயிலில் பழகிய கை ஊட்டிக் குளிரில் தவறும். இந்தத் துறையின் பெரிய சிக்கலும் இதுதான். அதனால்தான் ஈடன் மாதிரிகளை ஸ்காட்லாந்திலும் டென்மார்க்கிலும் சேகரித்த விவரங்களில் சோதித்தார்கள். 2024 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு கடுமையான எச்சரிக்கை தந்தது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) மருந்துச் சோதனைகளில், ஒரு சோதனையின் விவரங்களில் நன்றாகக் கணித்த மாதிரிகள், அறியாத இன்னொரு சோதனையில் ஏறக்குறைய தற்செயல் அளவுக்கே இறங்கிவிட்டன.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. 1984இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ மனநல நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியல் மையமும் ஒரே மாதிரியான சிகிச்சைமுறையை இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டன. ஒதுங்குதல், ஆர்வமிழத்தல் போன்ற அறிகுறிகள் சென்னையில் கூடுதலாகத் தணிந்தன. குடும்பத்தின் ஈடுபாடும் சென்னையில் அதிகம். எனவே மான்ட்ரியலில் கற்ற கணக்கை இங்கே அப்படியே போட முடியாது. இங்குள்ள இளைஞர்களின் விவரங்களிலிருந்தும் மாதிரி கற்றாக வேண்டும்.

கணிப்பை வைத்து என்ன செய்வது?

இன்று குளிர் அதிகம், மாவு பொங்காது என்று தெரிந்தால் யாரும் அதைக் கொட்டிவிடுவதில்லை. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்போரம் கதகதப்பில் வைப்பார்கள். கணிப்பின் பயனும் இதுவே.

2016இல் ஐரோப்பிய நோயாளிகள் 334 பேரின் விவரங்களை வைத்து உருவான ஒரு மாதிரியில், ஓராண்டுக்குள் நிலைமை மோசமாகலாம் என்று காட்டிய முக்கிய அடையாளங்களில் வேலையின்மை, குறைந்த கல்வி, நிறைவேறாத சமூகத் தேவைகள் ஆகியவை இருந்தன. இவை மூளைக்குள் பூட்டிக் கிடக்கும் விஷயங்கள் அல்ல. வேலைப் பயிற்சி, பாதியில் விட்ட படிப்பைத் தொடர உதவி, குடும்பத்துக்கு ஆலோசனை என்று கைகொடுக்கக்கூடிய இடங்கள்.

சிகிச்சை தொடங்குவதில் ஆகும் தாமதமும் அப்படி மாற்றக்கூடியதுதான். நார்வேயின் ரோகலாண்ட் பகுதியில் பள்ளிகளிலும் ஊடகங்களிலும் விழிப்புணர்வை ஏற்படுத்தி, நோயை விரைவாகக் கண்டறியும் குழுக்களையும் அமைத்தார்கள். சிகிச்சை கிடைக்கும்வரை கடந்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) அங்கே 5 வாரம், ஒப்பிட்ட மற்ற பகுதிகளில் 16 வாரம். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது ரோகலாண்டில் முழுமையாக மீண்டவர்கள் சுமார் 31 சதவீதம். மற்ற பகுதிகளில் 15.

மாவோடு ஒப்பிடுவது இந்த இடத்தோடு நிற்கட்டும். மாவு தன்னைத்தானே மாற்றிக்கொள்ளாது, மனிதர் மாற்றிக்கொள்வார். மாதம்தோறும் நிலைமை மாறும், கணிப்பையும் புதுப்பிக்க வேண்டும். ‘வாய்ப்பு குறைவு’ என்ற விடை வந்தவருக்குக் கவனிப்பைக் குறைப்பது அநியாயம். அவருக்குத்தான் அதிகக் கவனிப்பு வேண்டும்.

ஆகவே “பழையபடி ஆயிடுவானா?” என்று கேட்கும் பெற்றோரே, “அதுக்கு இப்ப நாங்க என்னென்ன செய்யணும்?” என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அறிகுறி தெரிந்தால், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. அழைக்கக் கட்டணம் இல்லை.