கை வீக்கத்துக்கு ஆபரேஷனா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. சில மாதமோ, சில வருஷமோ கழித்து அந்தப் பக்கத்து வளையல் இறுக்குகிறது. ஜாக்கெட் கை ஏறமாட்டேங்குது. இது நிணநீர் வீக்கமாக இருக்கலாம். டாக்டர்கள் 'லிம்பெடிமா' என்பார்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்ததாலோ, ரேடியேஷனாலோ நிணநீர் போகும் வழி கெட்டு, அது கையிலேயே தேங்குகிறது. யானைக்கால் நோய்க் கிருமியாலும் கை இப்படி வீங்கலாம்.

செல்போனில் தேடினால் 'ஒரே ஆபரேஷனில் நிரந்தரத் தீர்வு' என்று வீடியோ வரும். நம்பி அவசரப்படாதீங்க. ஆபரேஷன் வீக்கத்தைக் குறைக்க உதவும். ஆனால் நோயை அடியோடு போக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

முதலில் செய்ய வேண்டியது

தோல் பராமரிப்பு, நிணநீரை வடிக்கும் மென்மையான மசாஜ், அடுக்கடுக்காகப் பேண்டேஜ், கைப் பயிற்சி, பிறகு அளவெடுத்துப் போடும் இறுக்கமான கம்ப்ரஷன் ஸ்லீவ். இவற்றைச் சில மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகே ஆபரேஷன் பற்றிப் பேசுவது வழக்கம்.

நீரா, கொழுப்பா?

வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் சிறிது நேரம் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் பெரும்பாலும் நீர். விழாமல் கெட்டியாக இருந்தால் கொழுப்பும் தழும்புத் திசுவும் சேர்ந்திருக்கலாம். இது ஒரு குறிப்புதான். டாக்டர் பரிசோதித்தே உறுதி செய்வார். எந்த ஆபரேஷன் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

● நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைத்தல்: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். நீர்த் தேக்கம் அதிகமாக உள்ள ஆரம்ப நிலைக்கு ஏற்றது.

● நிணநீர் முடிச்சு மாற்று: உடம்பின் வேறிடத்திலிருந்து முடிச்சுகளை எடுத்துக் கையில் வைப்பார்கள். பலன் தெரியப் பல மாதமாகும். எடுத்த இடத்துப் பக்கம் புதிதாக வீக்கம் வரும் ஆபத்தும் உண்டு.

● லைபோசக்ஷன்: சேர்ந்துவிட்ட கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. ஸ்வீடனில் 1987 முதல் கை வீக்கத்துக்கு இதைச் செய்கிறார்கள். கையின் அளவு நன்றாகக் குறையும். ஆனால் அதன்பின் வாழ்நாள் முழுக்க ஸ்லீவ் போட வேண்டும். விட்டால் வீக்கம் திரும்பும்.

டாக்டரிடம் கேளுங்கள்

என் கையில் இருப்பது நீரா, கொழுப்பா? இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அதன்பின் எவ்வளவு காலம் ஸ்லீவ் போடணும்? சில மாதத்துக்கு ஒருமுறை புது ஸ்லீவ் வாங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எங்கே போவது?

தவளக்குப்பத்தில் இருப்பவர்கள் கடலூர் சாலையில் பஸ் ஏறினால் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குப் போகலாம். புற்றுநோய்ப் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் அங்கே உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்த பழைய கோப்பு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால், உங்களுக்குச் சொல்லும் ஆபரேஷன் அதில் வருமா என்று 14555-க்கு போன் செய்து முன்கூட்டியே கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கை திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் தோலில் தொற்று பரவியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கம் சட்டென்று கூடினாலும் அப்படியே. ரத்தக்கட்டா, புற்றுநோய் திரும்பியதா என்று பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் முடிவு உங்களுடையது. ஒரு வாரம் யோசித்து, வீட்டில் பேசி, இன்னொரு டாக்டரிடமும் கேட்டு எடுங்கள். அந்த ஒரு வாரத்தால் கைக்கு நஷ்டமில்லை. ஸ்லீவை மட்டும் கழற்றிப் போட்டுவிடாதீங்க.