குடிபெயர்ந்த கதை – 9: கல்லும் கள்ளியும்

மேற்கு மாம்பலத்து வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, கீழ்வேளூரில் பேசி முடித்த வீட்டுக்கு முன்பணமும் கொடுத்து, பழைய பத்திரங்களின் கட்டோடு நானும் என் மனைவியும் ரயிலேறிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினேன். தொடர்ந்து வாசித்து வருகிறவர்களுக்கு இதற்குமேல் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த வாரம் பத்திரப் பதிவையும், பால் காய்ச்சிய வைபவத்தையும் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு தேதியைச் சரிபார்த்துக்கொள்வதற்காக 1938-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தை மறுபடியும் விரித்துப் பார்த்தபோது, திங்கட்கிழமை காலைக்குள் கட்டுரை அச்சகம் சேர்ந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒரு பக்கம் இருந்தும், பதிவுக்கு முன் அதே காகிதத்தோடு நான் கழித்த மூன்று நாட்களைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

வீடு எங்கே இருக்கிறது என்று யாராவது நம்மைக் கேட்டால், வீட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அதற்குத் தெற்கே தெரு, வடக்கே தோப்பு, மேற்கே இன்னார் வீடு என்று சொல்வதுதான் நம் வழக்கம். பத்திரம் அப்படிச் சொல்வதில்லை. “தெருவுக்கு வடக்கு, வைத்தியர் வீட்டு மனைக்குக் கிழக்கு, தென்னந்தோப்புக்குத் தெற்கு, நெல் கிட்டங்கி மனைக்கு மேற்கு, இதன் மத்தியில்” என்று அது நான்கு திக்கிலிருந்தும் உள்நோக்கி நடந்து வருகிறது. இதற்குச் சக்குபந்தி என்று பெயர், தமிழில் நான்கெல்லை. நாம் வாங்கப் போகிற மனைக்கென்று அதில் ஒரு பெயரும் கிடையாது; சுற்றி இருப்பவர்களுடைய பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு நடுவில் எது மிஞ்சுகிறதோ அதுவே நம்முடையது. கதவு இலக்கத்தைத் தவிர வேறு அடையாளமில்லாத ஒரு மாடி வீட்டில் 29 வருஷம் வாழ்ந்துவிட்டு வந்த எங்கள் இருவருக்கும் இது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

நான்கெல்லைக்கு அடுத்தபடியாக வருகிற வாக்கியத்தில்தான் என் மூன்று நாட்களும் போயின. விற்கிறவர் அந்த மனையை “நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம்” என்னும் சகல பாத்தியங்களுடனும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி எழுதிக்கொடுத்திருக்கிறார். அஷ்டபோகம் என்று சாசனங்கள் சொல்வது இதைத்தான். எட்டு என்ற கணக்குக்கு மேல் எங்கள் பத்திரத்தை எழுதிய புண்ணியவான் மரத்தையும் சேர்த்து ஒன்பதாக்கியிருக்கிறார். தென்னையும் மாவும் நின்ற மனையில் மரத்தை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை போலும். நிதி என்பது பூமிக்குள் எவரோ எந்தக் காலத்திலோ புதைத்து மறந்த புதையல். நிக்ஷேபம் என்பது தெரிந்து சேமித்து வைத்தது. ஜலம் கிணறு. பாஷாணம் நிலத்தின் கல். சித்தம் இன்று கைக்கு வருகிற பலன். சாத்தியம் முயன்றால் வரக்கூடிய பலன். ஆகாமி இனிமேல் வந்து சேரப்போவது. விஜயநகர அரசர்களின் செப்பேடுகளில் கிராமங்களைத் தானம் செய்யும்போது எழுதப்பட்ட இந்தச் சொற்றொடர், அரசர்களும் தானமும் போன பிறகு, 18 குழி மனையை ஒரு குடும்பஸ்தர் இன்னொரு குடும்பஸ்தருக்கு விற்கிற காகிதத்தில் வந்து குடியிருக்கிறது. நிதியைப் பொறுத்தமட்டில் அது வெறும் அலங்காரமே: 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எவர் மனையில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 60 வருஷம் கழித்து எழுதுகிறவர் அந்தச் சொல்லை நீக்கவில்லை. நீக்கியிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன்.

அக்ஷீணி என்ற சொல்லை மட்டும் தனியே எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். க்ஷயமில்லாதது, தேயாதது, என்றும் நிலைத்திருப்பது என்று அதற்குப் பொருள். கோச்செங்கட் சோழர் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களில் ஒன்று கீழ்வேளூரில் இருக்கிறது. அங்கே எழுந்தருளியிருக்கும் ஸ்வாமிக்கு அக்ஷயலிங்கம் என்று வடமொழியிலும் கேடிலியப்பர் என்று தமிழிலும் திருநாமம். பத்திரத்தில் ஒரு சொல்லாக இருப்பது கோயிலில் மூர்த்தியாக இருக்கிறது. இதைக் கண்டுகொண்ட இரவு என் மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் கேட்டுச் சந்தோஷப்பட்டாள், பிறகு, “அதெல்லாம் சரிதான், குழிக் கணக்கைப் பார்த்தீர்களா?” என்று கேட்டாள்.

அவள் 33 வருஷம் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். நான் சொற்களைப் படித்துக்கொண்டிருந்த மூன்று நாட்களும் அவள் எண்களைப் படித்திருக்கிறாள். தஞ்சாவூர்ச் சீமையில் 12 அடிக் கோலால் அளந்த ஒரு சதுரமே ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. பள்ளிக்கூடத்தில் சதுர அளவையைக் கற்பிக்கும்போது, முற்றத்தில் 12 அடிக் கயிறு பிடித்துச் சுண்ணாம்பால் ஒரு குழி வரைந்து, வகுப்பிலிருந்த 38 பிள்ளைகளையும் அதற்குள் நெருக்கி உட்காரவைத்து, இதுதான் உங்கள் பாட்டன் சொன்ன குழி என்று அவள் காட்டியதுண்டு. அப்படி உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருவன் பிற்காலத்தில் நில அளவையராகி, ஒரு கல்யாண வீட்டில் அவளைக் கண்டு காலில் விழுந்து வணங்கினான். 1938 பத்திரத்தில் மனை 18 குழி: கிழமேல் 3 கோல், தென்வடல் 6 கோல். ஆக 36 அடிக்கு 72 அடி, 2,592 சதுர அடி. கட்டிலிருந்த அடுத்த பத்திரம் 1987-ஆம் வருஷத்தது. அதில் 2,520 சதுர அடி. இடைப்பட்ட 49 வருஷத்தில் 72 சதுர அடி, சரியாக அரைக் குழி, காணாமற் போயிருக்கிறது.

விலை பேசி முடித்த தரகர், அரைக் குழிக்காகவா இவ்வளவு யோசனை என்றார். பத்திர எழுத்தர், “சற்றேறக்குறைய” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்றார். என் மனைவி இரண்டையும் ஏற்கவில்லை. வில்லங்கச் சான்றை வாங்கிப் பார்த்ததில் இரண்டு பத்திரங்களுக்கும் நடுவே 1961-இல் ஒரு பாகப்பிரிவினை பதிவாகியிருப்பது தெரிந்தது. அந்தப் பத்திரம் கட்டில் இல்லை. உடனே நகலுக்கு மனுச் செய்தோம். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஸ்தாவர சொத்துக்களின் பத்திரங்கள் பதியப்படுகிற முதலாம் புத்தகத்தை, சம்பந்தப்பட்டவர்தான் என்றில்லை, உரிய கட்டணத்தைச் செலுத்துகிற எவரும் பார்க்கலாம் என்று அதன் 57-ஆம் பிரிவு சொல்கிறது. உயில்கள் பதியப்படும் புத்தகத்துக்கு அந்தத் திறப்பு கிடையாது. மண்ணைப் பற்றிய எழுத்து ஊரறிய இருக்கவேண்டும் என்று நினைத்துச் செய்தவர்களை நான் மனமார வணங்குகிறேன்.

ஊரறிய என்றதும் ஆனைமங்கலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது; கீழ்வேளூரிலிருந்து அது கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜ சோழர் தம்முடைய 21-ஆம் ஆட்சியாண்டில் கொடுத்த ஊர் இதுதான். பெரிய லெய்டன் செப்பேடுகள் என்று அறிஞர்கள் வழங்கும் 21 ஏடுகளும் இந்த ஒரு தானத்தைச் சொல்கின்றன. அளந்த நிலம் 97 வேலிக்குச் சற்று அதிகம். அந்தச் சற்றையும் அவர்கள் ‘சற்றேறக்குறைய’ என்று விட்டுவிடவில்லை. மாவாகவும் காணியாகவும் முந்திரியாகவும், 320-இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி எழுதியிருக்கிறார்கள். எல்லையை எப்படி நிச்சயித்தார்கள் என்பது அதைக்காட்டிலும் ரசமான விஷயம். ஒரு பெண் யானையை நடத்தி, அது சுற்றி வந்த வழியை எல்லையாகக் கொண்டு, அந்த வழி நெடுகக் கல்லும் கள்ளியும் நாட்டினார்கள். சிறிய அரவத்துக்கும் ஜனங்கள் வாசலுக்கு வருகிற ஒரு நாட்டில், யானை நடந்து போன வழியை மறந்துவிட்டேன் என்று எவன் சொல்ல முடியும்? நாட்டார் அனைவரும் உடன் நடந்தார்கள். கண்டவர்கள் பேரர்களுக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்துச் சாசனங்கள் உள்ளடங்கிய நிலத்தையும் அஷ்டபோகமாக எண்ணுவதில்லை. மேல்நோக்கி வளர்கிற மரமும், கீழ்நோக்கி இறங்குகிற கிணறும், உடும்பு ஓடுகிற மேடும், ஆமை தவழ்கிற பள்ளமும் என்று கண்ணால் கண்டதைச் சொல்கின்றன. வடமொழியின் எண்வகைப் பாத்தியமும் அழகுதான். ஆயினும் அந்த உடும்பையும் ஆமையையும் என் மனம் விட மறுக்கிறது.

நகல் வரும்வரையில் சும்மா இருப்பானேன் என்று, நாங்களும் மனையைச் சுற்றி நடப்பதென்று தீர்மானித்தோம். புறப்படுமுன் என் மனைவி இரண்டு பத்திரங்களையும் அருகருகே வைத்து, நான் முற்றிலும் கவனியாமல் விட்ட ஒன்றைக் காட்டினாள். தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லைகள் இரண்டு பத்திரங்களிலும் ஒன்றே. வடக்கு மட்டும் மாறியிருக்கிறது. 1938-இல் “தென்னந்தோப்புக்குத் தெற்கு”. 1987-இல் “குடியிருப்பு மனைகளுக்குத் தெற்கு”.

தோப்பு எப்படி மனைகளாயிற்று என்பதற்கு இந்த நாட்டில் அதிகம் விசாரிக்க வேண்டியதில்லை. பிறருடைய நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அந்த நிலத்திலேயே பாடுபட்டவர்களுக்கு, குடிசை நின்ற மண் சொந்தமில்லை. நிலத்துக்காரர் முகம் கோணினால் குடிசையும் இல்லை. அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில் 1968-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய மக்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1971-இல் குடியிருப்பு மனைகளை அவற்றில் குடியிருந்தவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. எங்கள் பத்திரத்தின் வடக்கெல்லையில் மாறியிருந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. ஜலத்தையும் தருவையும் நிதியையும் நிக்ஷேபத்தையும் வர்ணித்து எழுதிய 1938-ஆம் வருஷத்துக்காரர், அந்தத் தோப்புக்குள் மனிதர்கள் இருந்ததை எழுதவில்லை.

பெண்ணின் நடைக்குப் பிடியின் நடையைப் புலவர்கள் ஏன் உவமை சொன்னார்கள் என்பது அன்று மாலை எனக்கு நன்றாக விளங்கிற்று. அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, அவசரமும் தயக்கமும் இன்றி, ஒவ்வோர் அடியையும் மண்ணுக்குச் சொல்லி வைக்கிறவள்போல அவள் நடந்தாள். தெருப் பக்கம் 36 அடி சரியாக இருந்தது. கிழக்குப் பக்கம் 72 அடியும் சரியாக இருந்தது. மேற்கில் தெருவிலிருந்து 48 அடி வந்ததும் வேலி உள்ளே மடங்கியது. மடங்கிய இடத்துக்கு அப்பால் ஒரு கிணறு, பாதி தூர்ந்து, ஆலங்கன்று முளைத்துக் கிடந்தது. அதற்கு வடக்கே ஒரே புதர். எல்லைக் கல் இருந்தால் அந்தப் புதரில்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தபோது, குடியிருப்புப் பக்கத்திலிருந்து, எண்பதைத் தாண்டிய ஒரு மூதாட்டி வேலியோரமாக வந்து நின்றார்.

“அங்க ஏம்மா தேடுறீங்க? கல்லு இந்தப் பக்கம்ல கெடக்கு” என்றார்.

“எந்தக் கல்லு பாட்டி?” என்று என் மனைவி கேட்டாள்.

“கெணத்துச் சந்துக் கல்லு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்ப, ரெண்டு வீடும் தண்ணி எடுக்க ஒரு சந்து விட்டாங்க. கொழா வந்தப்புறம் சந்தும் போச்சு, கெணறும் போச்சு.”

அரைக் குழி அகப்பட்டுவிட்டது. நான் சந்தோஷத்தில், அந்தக் கிணற்றுத் தண்ணீர் ருசியாக இருக்குமா என்று கேட்டுவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

“நாங்க கெணத்துக்கிட்ட போவக்கூடாதுல்ல. இந்தக் கல்லுகிட்ட கொடத்த வச்சுட்டு நிப்போம். யாராச்சும் எறச்சு ஊத்துனா உண்டு. வெயிலானாலும் நிக்கணும். கல்லு எனக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?”

சொல்லிக்கொண்டே குனிந்து, முட்களைக் கையாலேயே ஒதுக்கினார். பருத்து மரமாகிவிட்ட ஒரு திருகுகள்ளி. அதன் அடியில், பாதி மண்ணுக்குள், உச்சி மழுங்கிய ஒரு கருங்கல். யானை நடந்த ஊருக்கு அருகில், 1961-இல் அண்ணன் தம்பி இருவர் போட்ட எல்லையிலும் கல்லும் கள்ளியுமே இருந்தன. என் மனைவி நாடாவை அந்தக் கல்லின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி அவரிடமே கொடுத்தாள். மறுமுனை வேலி மடங்கிய இடத்தில் 24 அடி காட்டிற்று. அகலம் 3 அடி. மூன்றையும் இருபத்துநான்கையும் பெருக்கி அவள் குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள்.

எழுதி முடித்த பிறகு, “உங்கள் பெயர் என்ன பாட்டி? வீட்டுக்காரர் பெயரும் சொல்லுங்கள்” என்று கேட்டாள். அவர் சொன்னார், பட்டா தம் பெயரிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். 1987-ஆம் வருஷத்துப் பத்திரம் மேற்கில் வைத்தியர் வீட்டையும் கிழக்கில் கிட்டங்கியையும் தனித்தனியே சுட்டிவிட்டு, வடக்கில் மட்டும் “குடியிருப்பு மனைகள்” என்று மொத்தமாகச் சொல்கிறதல்லவா? மறுநாள் பத்திர எழுத்தரிடம் போனபோது, என் மனைவி அந்தப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். எங்கள் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் இப்போது அந்த மூதாட்டியின் முழுப் பெயரும், இன்னாருடைய மனைவி என்ற விவரமும், பட்டா எண்ணும் எழுதி, “மனைக்குத் தெற்கு” என்று இருக்கிறது. பதிவு நடந்த நாளையும் பால் காய்ச்சியதையும் அடுத்த வாரம் சொல்கிறேன்.