திட உந்துபொருளின் எரிவேகமும் வினையூக்கிகளும்

சர்க்கரைக் கட்டியொன்றைத் தீக்குச்சியின் சுடரில் பிடித்தால் அது உருகிக் கருகுமேயன்றி எளிதில் பற்றிக்கொள்ளாது. அக்கட்டியின் முனையில் சிறிது சாம்பலைத் தடவிப் பிடித்தாலோ, அது சுடர்விட்டு எரியத் தொடங்கும். வகுப்பறையில் ஆசிரியர் செய்து காட்டக்கூடிய இச்சோதனையில் சாம்பல் வினையூக்கியாகத் தொழிற்படுகின்றது. இதனையொத்த பணியையே இரும்பு ஆக்ஸைடு ராக்கெட்டினுள் புரிகின்றது.

ராக்கெட்டின் திட உந்துபொருள் எரிவதற்குப் புறக்காற்று வேண்டுவதில்லை. அதிலுள்ள அம்மோனியம் பெர்குளோரேட்டுப் படிகங்களே ஆக்ஸிஜனை அளிக்கின்றன. அப்படிகங்களைப் பிணைத்து நிற்கும் ரப்பர் போன்ற பொருளும் அலுமினியத் தூளும் எரிபொருளாகின்றன. எரிதல் உந்துபொருள் முழுவதிலும் ஒருங்கே நிகழ்வதன்று; மேற்பரப்பு மட்டும் படலம் படலமாக எரிந்து பின்வாங்கும். ஒரு விநாடியில் பரப்பு எத்துணை மில்லிமீட்டர் பின்வாங்குகின்றது என்பதே எரிவேகம் எனப்படும்.

வினையூக்கி உந்துபொருளுக்குப் புதிதாக வெப்பத்தைச் சேர்ப்பதில்லை. பெர்குளோரேட்டு குறைந்த வெப்பநிலையிலேயே விரைந்து சிதைய அது வழிசெய்கின்றது. அதனால் வாயுக்கள் பரப்பின் அருகிலேயே வினைபுரிகின்றன; சுடர் பரப்பை நெருங்குகின்றது; பரப்பிற்குத் திரும்பும் வெப்பம் மிகுந்து அடுத்த படலம் விரைவில் சிதைகின்றது. 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்க விண்ணோடங்களின் திட ராக்கெட்டுகளில் இரும்பு ஆக்ஸைடு மிகச் சிறிய அளவிலேயே கலக்கப்பட்டது. காப்பர் குரோமைட்டும் இவ்வகையில் பெயர் பெற்றதே. துகள் எத்துணை நுண்ணியதோ அத்துணை பரப்பு மிகுதியாகும். ஆகவே எடையளவில் மாற்றமின்றியே பயன் மாறுபடக்கூடும்.

எரிவேகம் அழுத்தத்தையும் சார்ந்தது. அழுத்தத்தின் ஓர் அடுக்கிற்கு ஏற்ப அது உயர்கின்றது. அடுக்கு 0.3 ஆயின், அழுத்தம் இரட்டிக்கும்போது எரிவேகம் ஏறத்தாழ 1.23 மடங்காகும், 0.8 ஆயின் 1.74 மடங்காகும். கூம்புவாய் வழியே வெளியேறும் வாயுவோ அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் பெருகும். அடுக்கு 1-க்குக் குறைவாக உள்ளவரை வெளியேற்றம் உற்பத்தியை எட்டிப் பிடித்து, அழுத்தம் நிலைபெறும். 1-ஐத் தாண்டினால் சிறு ஏற்றமும் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு உறையைப் பிளந்துவிடும். எனவே வேகத்தை மட்டும் உயர்த்துவது பெருமையன்று. அடுக்கை உயர்த்தாத வினையூக்கியே விரும்பத்தக்கது. நைட்ரோசெல்லுலோசும் நைட்ரோகிளிசரினும் கலந்த உந்துபொருள்களில் ஈய உப்புகள், ஓரளவு அழுத்த எல்லைக்குள், எரிவேகம் ஏறக்குறைய மாறாதிருக்கச் செய்கின்றன. பொறியியலார் பெரிதும் போற்றும் பண்பு இது.

மாணவர் சிலர் வீட்டிலேயே ராக்கெட்டு செய்ய முனைவதுண்டு. உறை பிளப்பது எவ்வாறென்று மேற்கூறியதிலிருந்தே விளங்கும். இக்கலவைகளைத் தொடவேண்டாமென ஆசிரியர் கண்டிப்புடன் தடுத்தல் வேண்டும். சர்க்கரையும் சாம்பலும் பாடத்திற்குப் போதும்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் ஏறத்தாழ 139 டன் திட உந்துபொருள் இரண்டு நிமிடங்களுக்குள் எரிந்து தீர்கின்றது. இத்துணைப் பெருந்திரளில் வினையூக்கி ஓரிடத்தில் செறிந்தும் மற்றோரிடத்தில் அருகியும் இருத்தலாகாது. சேமிப்பிலும் ஒரு தொல்லை உண்டு. பெரோசீன் வகைச் சேர்மங்கள் சிறந்த வினையூக்கிகளே. எனினும் அவற்றுட் சில, காலப்போக்கில் உந்துபொருளினின்று மெல்ல நகர்ந்து உட்காப்புப் படலத்தினுள் ஊர்ந்து செல்கின்றன. விட்டுச்சென்ற இடத்தில் எரிவேகம் குறையும். இத்தகைய நகர்வைத் தடுக்கும்பொருட்டே பெரோசீனைப் பிணைபொருளின் மூலக்கூற்றுச் சங்கிலியோடு வேதிமுறையில் கட்டிவைக்கும் வழக்கம் தோன்றியது.