வெறும் அறை ஏன் நல்ல அறை?

சிவகாசி அருகே நாரணாபுரம் வட்டாரத்துப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறையை எட்டிப் பார்த்தால் மின்விசிறி, பல்பு, நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது மோசமான வேலையிடம். தொழில் தெரிந்தவருக்கு இதுதான் ஒழுங்கான ஆலை.

ஏன்? மருந்து பற்றிக்கொள்ள சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும். வறண்ட காற்றில் நைலான் துணி உரசினாலே உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். அதற்குத்தான் பருத்தி உடை. உள்ளே போகுமுன் தொட, மண்ணோடு இணைத்த செம்புத் தகடு. கதவு வெளிப்பக்கம் திறக்கும். தப்பி ஓடுகிறவரால் அதை இழுத்துக்கொண்டு நிற்க முடியுமா? அறைக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது. ஒன்று வெடித்தாலும் அடுத்தது தப்பவே அறைகளுக்கிடையே இத்தனை இடைவெளி.

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்னார்: வேலையிடம் நன்றாக இருந்தால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது, மோசமாக இருந்தால் அதிருப்தி வரும். அவர் விசாரித்தது பொறியாளர்களையும் கணக்கர்களையும். இங்கே வேலையிடம் மோசமானால் போவது உயிர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வேலைக்குச் சேருமுன் ஆபீஸ் அறையின் ஏ.சி.யைப் பார்க்காதீர்கள். அறைக்குள் எத்தனை பேர், அறைக்கு வெளியே மரத்தடியில் மருந்து வேலை நடக்கிறதா என்று பாருங்கள்.