நடப்படாத காடு

மரக்கன்று நட்டுப் படமெடுத்து ஆண்டறிக்கையில் போடுகிறோம். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு 'பசுமை' என்ற பெயர் நன்கொடையாளர்களின் நம்பிக்கையைத் தேடித்தருகிறது. தவறில்லை. ஆனால், கன்று பிழைத்ததா என்று யாரும் கேட்பதில்லை, நாமும்தான்.

வத்திக்கானுக்கே இந்த அனுபவம் உண்டு. அது வெளியிடும் கார்பனை ஈடுசெய்ய ஹங்கேரியில் காடு வளர்த்துத் தருவதாக 2007ம் ஆண்டு ஒரு நிறுவனம் முன்வந்தது. சான்றிதழும் வழங்கப்பட்டது. கார்பன் சமநிலை எட்டும் முதல் நாடு வத்திக்கான் என்று செய்திகள் பரவின. மரங்களோ நடப்படவே இல்லை.

2008ம் ஆண்டு நவம்பரில், திருத்தந்தை ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் ஏறத்தாழ 2,400 சூரிய ஒளித் தகடுகள் இயங்கத் தொடங்கின. இவை தரும் மின்சாரம் எவ்வளவு என்பதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை, மீட்டரே காட்டிவிடும்.