பழங்கைவினையும் புதுவடிவும்: யப்பானியக் கடதாசி விளக்குகள்

கைத்தொழில் மனிதனின் தேவையிலே பிறந்து பழக்கத்திலே வளர்வது. தேவை நீங்கிப் பழக்கம் மாத்திரம் எஞ்சுமாயின், அத்தொழில் நாளடைவில் நலிந்தொழியும். அவ்வாறு நலிவதைக் காக்க முற்படுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே நாடுகின்றனர். பழையதை அணுவளவும் மாற்றாது காட்சிச்சாலையிலே வைத்துப் போற்றுதல் ஒன்று; சந்தையின் விருப்புக்கிணங்கச் செய்முறையைச் சுருக்கி மலிவுப் பொருளாக்குதல் மற்றொன்று. முன்னது பொருளைக் காக்கும். அதனைச் செய்வோரைக் காவாது. பின்னது செய்வோர்க்குச் சிலகாலம் ஊதியந் தரும். அவர்தம் திறனை அழிக்கும். இவ்விரண்டினும் வேறாய மூன்றாவது வழியும் உண்டென்பதற்கு, யப்பானிலே கிபு நகரிற் செய்யப்படும் ‘அக்காரி’ என்னும் கடதாசி விளக்குகள் தக்க சான்றாகும்.

கிபு நகரம் நகரா ஆற்றங்கரையில் அமைந்தது. அதனை அடுத்த மினோப் பகுதி கையாற் செய்யுங் கடதாசிக்குப் பெயர்பெற்றது. அக்கடதாசிக் கலை 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. கடதாசியும் மூங்கிலும் அருகருகே கிடைத்தமையால், விளக்குக்கூடு செய்யுந் தொழில் அங்கே தழைத்தது. முட்டை வடிவான கூடுகளின்மீது மலர்களும் புற்களும் பறவைகளும் மெல்லிய வண்ணத்தில் தீட்டப்பட்டன. இறந்தோரை நினைந்து நிகழ்த்தும் ‘ஒபோன்’ விழாவிலே மெழுகுதிரியின் ஒளியை அவை தாங்கின. மின்னொளி பரவியபின்னர் அவற்றின் பயன் விழா நாட்களளவிற் சுருங்கியது. போதாக்குறைக்கு, 1945ஆம் ஆண்டு யூலை மாதத்து வான்குண்டு வீச்சினால் நகரமும் எரியுண்டது.

1951ஆம் ஆண்டில் இசாமு நொகுச்சி என்னுஞ் சிற்பி கிபுவுக்கு வந்தார். யப்பானியக் கவிஞர் ஒருவர்க்கும் அமெரிக்கத் தாய்க்கும் 1904இற் பிறந்த அவர், இரு நாட்டுக் கலைமரபுகளையும் அறிந்தவர். ஆற்றிலே இரவு வேளையில் நீர்க்காகங்களைக் கொண்டு மீன்பிடிக்குங் காட்சியை அவர் அங்கே கண்டார். அவ்வேளையில் நகர முதல்வர், நலிந்துவரும் விளக்குத் தொழிலுக்கு உதவுமாறு அவரை வேண்டினார். நொகுச்சி பட்டறைக்குச் சென்று செய்முறையைக் கற்றபின்னரே புதிய வடிவங்களை வரையத் தொடங்கினார். 1891இல் நிறுவப்பட்ட ஒசெக்கி நிறுவனம் அவற்றைச் செய்ய முன்வந்தது.

அச்செய்முறை நுணுக்கமானது. மரத்துண்டுகளை இணைத்து வேண்டிய வடிவில் ஓர் அச்சு முதலில் அமைக்கப்படும். மெல்லிய மூங்கிற் கீற்று அதன்மீது சுருளாகச் சுற்றப்படும். முசுக்கட்டை இனத்து மரமொன்றின் உட்பட்டையிலிருந்து செய்த கடதாசியைப் பட்டிகளாக வெட்டி, அச்சுருளின்மேல் ஒட்டுவர். பசை உலர்ந்தபின் அச்சின் துண்டுகளைப் பிரித்து வாய்வழியே வெளியே எடுப்பர். நம் நாட்டு வெசாக் கூட்டிலே தாங்குஞ் சட்டம் உள்ளேயே நிற்கும். இங்கோ அச்சு நீங்க, மூங்கிலுங் கடதாசியுமே வடிவத்தைத் தாங்குகின்றன. ஆகவே விளக்கைத் தட்டையாக மடித்து உறையிலிட்டு எத்தொலைவுக்கும் அனுப்பலாம்.

இனி, நொகுச்சி மாற்றியவை எவை, மாற்றாதவை எவை என நோக்குதல் வேண்டும். மெழுகுதிரியின் இடத்தில் மின்குமிழை வைத்தார். தீட்டிய ஓவியங்களை நீக்கிக் கடதாசியின் இயல்பான வெண்மையைத் தோற்றுவித்தார். முட்டை வடிவோடு நில்லாது கோளம், தூண், பெட்டி எனப் பல வடிவங்களை வகுத்தார். ஆயின் அச்சையோ மூங்கிற் சுருளையோ கையால் ஒட்டும் முறையையோ அவர் கைவிட்டிலர். கண்ணுக்குத் தோன்றும் உருவம் புதியது. அதனை ஆக்குங் கைத்திறன் பழையது. விழாப்பொருளாய் ஒதுங்கியிருந்த கூடு, நாள்தோறும் ஏற்றப்படும் வீட்டு விளக்காயிற்று.

யப்பானிய மொழியில் ‘அக்காரி’ என்பது ஒளியைக் குறிக்கும். இவ்விளக்குகளைத் தம் சிற்பங்களினின்றும் தாழ்ந்தனவாக நொகுச்சி கருதவில்லை. 1986ஆம் ஆண்டு வெனிசு நகரக் கலைக்காட்சியில் அமெரிக்காவின் சார்பிற் பங்குபற்றியபோது, கற்சிற்பங்களோடு இவற்றையும் வைத்தார். விலைகுறைந்த போலிகள் பல நாடுகளிலும் பெருகின. கடைகளில் இன்று காணப்படும் உருண்டைக் கடதாசி விளக்குகள் பலவற்றில் அவற்றின் சாயல் உண்டு. போலிகளுக்கு விடையாக அவர் மேன்மேலும் புது வடிவங்களைப் படைத்தாரேயன்றிச் செய்முறையை மலிவாக்க முற்பட்டிலர். 1988இல் அவர் மறைந்த பின்னரும் கிபு நகரப் பட்டறையில் அத்தொழில் தொடர்ந்து நடைபெறுகின்றது.

மரபைப் பேணுதல் பற்றிப் பேசுவோர் இவ்வரலாற்றிற் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஒரு கைவினையின் உயிர் அதன் உருவத்தில் இல்லை. அதனைச் செய்வோரின் கையிலே உள்ளது. உருவம் காலத்தோடு மாறலாம். கை தன் திறனை இழந்துவிடின், பழைய உருவத்தையும் மீண்டும் ஆக்குவாரில்லை. ஆகவே மரபைக் காக்க விழைவோர், அக்கைக்கு இன்றைய வாழ்விலே வேலை தேடிக் கொடுத்தலையே தம் முதற் கடமையாகக் கொள்ளுதல் தகும்.