விளையாட்டு படிப்பைக் கெடுக்குமா?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடும் மாணவர்கள், ஆடாதவர்களைவிடச் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், ஆடியதால்தான் மதிப்பெண் கூடியது என்று உடனே முடிவுகட்ட முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, மைதானம் இரண்டுமே எளிதில் கிடைத்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, பாடத்தில் தேறாத மாணவர் அணியில் ஆடக் கூடாது என்று டெக்சாஸ் மாநிலம் 1984இல் சட்டமே இயற்றியது. இப்படி வடிகட்டிய அணியில் நன்றாகப் படிப்பவர்கள் மிஞ்சுவதில் வியப்பென்ன?

எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய இன்னொரு சட்டம் உதவியது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற ‘டைட்டில் நைன்’ 1972இல் வந்தது. அப்போது உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆண்கள் 36 லட்சத்துக்கும் மேல். பெண்கள் 3 லட்சம்கூட இல்லை. 1978இல் பெண்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. ஆண்கள் அதிகம் ஆடிவந்த மாநிலங்கள், சமநிலைக்காகப் பெண்களுக்கும் அதிக இடம் தர வேண்டியதாயிற்று.

பொருளியலாளர் பெட்ஸி ஸ்டீவன்சன் மாநிலங்களுக்கிடையிலான இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்திக்கொண்டார். இது மாணவிகளின் வசதியாலோ விருப்பத்தாலோ வந்த வேறுபாடல்ல, சட்டத்தால் வந்தது. பெண்களின் விளையாட்டுப் பங்கேற்பு 10 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தால், கல்லூரிக்குச் செல்லும் பெண்களின் விகிதம் சுமார் 1 புள்ளி உயர்ந்தது என்று 2010இல் வெளியான அவரது ஆய்வு கூறியது. பலன் சிறியதுதான், ஆனால் உண்மையானது.

மூளையில் என்ன நடக்கிறது? இலினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 7 முதல் 9 வயதுள்ள 221 சிறுவர் சிறுமியரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் 9 மாதங்கள், பள்ளி விட்டபின் ஓட்டமும் ஆட்டமும். 2014இல் வெளியான முடிவின்படி, கவனம் சிதறாமல் காப்பதிலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்புவதிலும் அவர்களே அதிகம் முன்னேறினார்கள். பாடம் படிக்க இந்தத் திறன்கள்தானே அடிப்படை!

படிக்கும் நேரம் வீணாகாதா என்பது பெற்றோரின் கவலை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் 50 ஆய்வுகளைத் தொகுத்து, உடலியக்கத்துக்கும் படிப்புக்குமான 251 தொடர்புகளை அலசியது. பாதி சாதகம், ஏறக்குறைய மறுபாதியில் குறிப்பிடும்படியான தொடர்பு இல்லை, பாதகமானவை 1.5 சதவீதம் மட்டுமே.

பொதுத்தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடுவது நம் பள்ளிகளில் பழகிப்போன வழக்கம். மதிப்பெண் குறைந்த பிள்ளையைத்தான் முதலில் மைதானத்திலிருந்து கூப்பிட்டுக்கொள்கிறோம். கவனத்தைக் கூர்மையாக்கும் வாய்ப்பு அதிகம் தேவைப்படுவதே அந்தப் பிள்ளைக்குத்தான். ஆசிரியர்களே, பெற்றோர்களே, அந்த ஒரு பீரியடைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.